வேட்புமனுப் பரிசீலனை இல்லாத நாட்டில் அதிபராக யாருக்குத் தகுதி?

கேள்வி, 10 ஜனவரி 2024

குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக டிரம்போடு போட்டியிடும் நிக்கி ஹேலி பிறந்தபோது அவருடைய பெற்றோர் அமெரிக்கக் குடிமக்களாக இருக்கவில்லை, ஆகவே அவர் அதிபராக முடியாது என்று சொல்லும் பதிவு ஒன்றை டிரம்ப் பகிர்ந்திருக்கிறார். நம் ஊரில் என்றால் வேட்புமனுப் பரிசீலனையன்று தேர்தல் அதிகாரி மனுவை ஏற்பார் அல்லது தள்ளுபடி செய்வார். அன்று மாலைக்குள் கதை முடிந்துவிடும். அங்கே இதைத் தீர்ப்பது யார்? கட்சியா, நீதிமன்றமா, தேர்தல் ஆணையமா?

10 ஜனவரி 2024, இரவு

சட்டத்தில் உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு அதிபருக்கு மூன்றே நிபந்தனைகளை வைக்கிறது: அவர் பிறப்புவழிக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும், நாட்டில் 14 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். படிப்பு, சொத்து, குற்றப் பின்னணி ஆகியவற்றைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் கிடையாது.

ஹேலி 1972-இல் தென் கரோலினா மாநிலத்தின் பாம்பெர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் அதிகார எல்லைக்கு உட்பட்டவர் எவரும் குடிமக்களே என்று 1868-இன் பதினான்காம் திருத்தம் சொல்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது கரையிறங்க விடாமல் தடுக்கப்பட்டார். அந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1898-இல் 6-க்கு 2 என்ற கணக்கில் இந்த விதியை உறுதிசெய்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ஃபுல்லர், இதை ஏற்றால் வெளிநாட்டாரின் குழந்தைகூட இங்கே பிறந்த ஒரே காரணத்தால் அதிபராகலாம் என்றாகிவிடுமே என்று அங்கலாய்த்தார். அவர் அஞ்சியதுதான் இன்றைய சட்டம். ஹேலி விஷயத்தில் ஐயத்துக்கு இடமே இல்லை. பிறந்த மண் போதும்.

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. என் மகள் 1999 மார்ச்சில் நியூ ஜெர்சியில் எடிசன் நகரத்தில் பிறந்தாள். அன்று எனக்கும் மனைவிக்கும் இருந்தவை வேலை விசாவும் அதை ஒட்டிய துணைவி விசாவும் மட்டுமே. டிரம்ப் பகிர்ந்த வாதம் சரியென்றால் அவளுக்கும் கதவு அடைபடும். தவறென்றால் 2032-இல் அவளும் நிற்கலாம். இதை அவளிடம் சொன்னேன். தனக்குப் பல் மருத்துவமே போதும் என்று சொல்லிவிட்டாள்.

அதே கட்சியில் அதே தேர்தலில் நிற்கும் விவேக் ராமசாமியும் இதே நிலையில் உள்ளவர்தான். 1985-இல் சின்சினாட்டியில் பிறந்தவர். பெற்றோர் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்த நாளில் அவர்களும் குடிமக்கள் அல்லர். அவருடைய தகுதியை யாரும் இதே சூட்டோடு கிளப்பியதை நான் பார்க்கவில்லை. வாக்கு எண்ணிக்கையில் யார் நெருங்கி வருகிறாரோ அவருடைய பிறப்புதான் கேள்விக்கு உள்ளாகும் போலிருக்கிறது.

11 ஜனவரி 2024

நேற்று உணர்ச்சிவசப்பட்டுக் கேள்வியின் முக்கியமான பாதியை விட்டுவிட்டேன். தீர்ப்பது யார் என்பதுதானே அவர் கேட்டது?

நேர்மையான விடை, அப்படி ஒருவரும் இல்லை என்பதே. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்று ஓர் அமைப்பு வாஷிங்டனில் இருக்கிறது. ஆனால் அது பார்ப்பது பிரசாரப் பணக் கணக்கை மட்டுமே. வாக்குச்சீட்டை அச்சிடுவது 50 மாநிலங்களும் தலைநகர் வட்டாரமும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம், தனிப் படிவம், தனிக் கடைசி நாள். பெரிய கட்சி தன் மாநாட்டில் ஒருவரைத் தேர்ந்து பெயரை அனுப்பினால், பெரும்பாலான மாநிலங்களின் தேர்தல் அலுவலகங்கள் அதை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடும். பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவா என்று எவரும் கேட்பதில்லை.

கலிஃபோர்னியா மாநிலம் ஒன்றே போதும், இந்தக் குழப்பத்தைக் காட்ட. 1968-இல் எல்ட்ரிட்ஜ் கிளீவர் 33 வயதில் வேட்பாளரானபோது அவர் பெயரைச் சீட்டில் அச்சிட அம்மாநிலம் மறுத்தது. ஒபாமாவின் தகுதியைச் சோதிக்காமல் விட்டது குற்றம் என்று தொடர்ந்த வழக்கில், வேட்பாளரின் தகுதியை விசாரிப்பது தேர்தலை நடத்தும் மாநிலச் செயலரின் கடமை அல்ல என்று அதே மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் சொன்னது. 2012-இல் பீட்டா லிண்ட்சே என்ற 27 வயதுப் பெண்ணை அதே அலுவலகம் சீட்டிலிருந்து விலக்கியது. தன் வயதை அவரே மறுக்காதபோது அவரை விலக்கியதில் தவறில்லை என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. ஆக, பார்க்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, பார்த்துவிட்டால் தடுக்கலாம்.

கொலராடோவிலும் இப்படி ஒன்று நடந்தது. கயானாவில் பிறந்து பின்னர் குடியுரிமை பெற்ற ஒரு வழக்கறிஞர் தன்னைச் சீட்டில் சேர்க்கச் சொல்லி வழக்காடித் தோற்றார். தகுதியற்றவரைச் சீட்டிலிருந்து விலக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று 2012-இல் அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி, பின்னாளில் டிரம்பால் உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட நீல் கோர்சச். சென்ற மாதம் கொலராடோ உச்ச நீதிமன்றம், கிளர்ச்சியில் ஈடுபட்டவர் என்ற காரணத்தால் டிரம்பையே சீட்டிலிருந்து நீக்கியபோது, இந்தக் கோர்சச் தீர்ப்பைத்தான் மேற்கோளாகக் கையில் எடுத்தது. இப்படி ஒரு திருப்பத்தைக் கதையில் எழுதினால் வாசகர் நம்பமாட்டார்.

12 ஜனவரி 2024

நாட்டை நிறுவிய தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனைத் தடுப்பதற்காகவே பிறப்புவழிக் குடிமகன் என்ற விதி வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலமுறை கேட்ட கதை, உண்மை அல்ல. அரசியலமைப்பு ஏற்கப்பட்ட காலத்தில் குடிமகனாக இருந்தவரும் அதிபராகலாம் என்று அதே வாக்கியத்திலேயே விலக்கு இருக்கிறது. கரீபியத் தீவில் பிறந்த ஹாமில்டனுக்கு அந்த விலக்கே போதுமானதாக இருந்தது. உண்மையில் அந்த விலக்கு இல்லாவிட்டால் வாஷிங்டனே நின்றிருக்க முடியாது. அவர் பிறந்தபோது அமெரிக்கா என்ற நாடே கிடையாது. நாடு சுதந்திரம் அறிவித்த பிறகு பிறந்த முதல் அதிபர் எட்டாமவரான வான் பியூரன். பிறந்த ஆண்டு 1782.

விதியின் மூலம் 1787 ஜூலை 25 அன்று அக்காலத் தலைவர்களில் இன்னொருவரான ஜான் ஜே வாஷிங்டனுக்கு எழுதிய கடிதம் என்பதே பரவலான கருத்து. படைத் தலைமை பிறப்புவழிக் குடிமகனைத் தவிர வேறெவர் கைக்கும் போகக் கூடாது என்று எழுதிய ஜே, அந்தத் தொடரில் பிறப்பைக் குறிக்கும் சொல்லுக்கு மட்டும் அடிக்கோடிட்டிருந்தார். அடிக்கோடு போட்டவர் அதற்குப் பொருள் எழுதவில்லை. 236 ஆண்டுகளாக வழக்கறிஞர்கள் பிழைப்பது அந்த மௌனத்தால்தான்.

14 ஜனவரி 2024

என் முதல் குறிப்பில் "பிறந்த மண் போதும்" என்று எழுதினேன். அது சரி, ஆனால் மண் மட்டுந்தானா என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். டெட் குரூஸ் 1970-இல் கனடாவின் கால்கரி நகரத்தில் பிறந்தவர். தாய் அமெரிக்கர், தந்தை கியூபாக்காரர். அப்படியிருந்தும் 2016-இல் அயோவா மாநிலத்தின் உட்கட்சி வேட்பாளர் தேர்வில் வென்றாரே என்கிறார். நியாயமான அடி.

மண் ஒரு வழி, குருதி இன்னொரு வழி. 1790-இல் முதல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், கடல் கடந்து பிறக்கும் குடிமக்களின் பிள்ளைகளும் பிறப்புவழிக் குடிமக்களாகவே கருதப்படுவர் என்றது. 1795-இல் அதைத் திருத்தி எழுதியபோது "பிறப்புவழி" என்ற அடையை எடுத்துவிட்டு வெறும் "குடிமக்கள்" என்று போட்டார்கள். அடையை எடுத்தது வேண்டுமென்றா, எழுத்தர் கைப்பிழையா என்று இரு தரப்பும் இன்றுவரை வாதாடுகின்றன. பிறக்கும்போதே குடியுரிமை உள்ளவர், பின்னால் மனுப்போட்டு வாங்காதவர், அவரே பிறப்புவழிக் குடிமகன் என்பதுதான் இன்று பெரும்பாலான சட்ட அறிஞர்கள் ஏற்கும் பொருள். குரூஸுக்கு எதிரான வழக்கில் பென்சில்வேனியா நீதிமன்றம் 2016-இல் அதையே சொன்னது. உச்ச நீதிமன்றம் நேரடியாக ஒருமுறையும் சொன்னதில்லை.

குரூஸுக்கு முன்னும் சிலர் இருந்தார்கள். மிட் ராம்னியின் தந்தை ஜார்ஜ் ராம்னி, 1907-இல் மெக்சிகோவில் மோர்மன் குடியிருப்பு ஒன்றில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் 1968 போட்டியிலிருந்து வேறு காரணங்களால் சீக்கிரமே விலகியதால் கேள்வி முளையிலேயே நின்றுபோனது. பேரி கோல்ட்வாட்டர் பிறந்த 1909-இல் அரிசோனா இன்னும் மாநிலமாகவில்லை, 1912-இல்தான் ஆனது.

ஆனால் விவரமாகப் பார்க்க வேண்டியவர் ஜான் மெக்கெய்ன். கடற்படை அதிகாரியின் மகனாகப் பனாமா கால்வாய் மண்டலத்தில் 1936 ஆகஸ்டில் பிறந்தார். அந்த மண்டலத்தில் பிறந்த அமெரிக்கக் குழந்தைகளுக்குக் குடியுரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்லும் சட்டம் வந்தது 1937 ஆகஸ்டில். அதாவது, சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால் அவர் ஏறத்தாழ ஓராண்டு முன்னதாகப் பிறந்துவிட்டார் என்று ஒரு சட்டப் பேராசிரியர் வாதிட்டார். 2008 ஏப்ரலில் மேலவை ஒருமனதாகத் தீர்மானம் போட்டு மெக்கெய்ன் பிறப்புவழிக் குடிமகனே என்று அறிவித்தது. அந்தத் தீர்மானத்தை உடன்மொழிந்தவர்களில் இருவர் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும். எதிர்க்கட்சி வேட்பாளருக்கு நற்சான்று கொடுத்த அதே ஒபாமாவுக்கு, சில வாரங்களில் தன் பிறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டிய நிலை வந்தது.

16 ஜனவரி 2024

இந்த ஆண்டின் அயோவா உட்கட்சித் தேர்வு முடிந்தது. ஹேலி மூன்றாமிடம், ராமசாமி நான்காமிடம். ராமசாமி போட்டியிலிருந்தே விலகிவிட்டார். அவருடைய தகுதி பற்றிய விவாதத்தையும் இத்துடன் தள்ளுபடி செய்கிறேன்.

3 பிப்ரவரி 2024

ஒபாமா கென்யாவில் பிறந்தவர் என்ற புரளியைப் பற்றித் தனியாக எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். அவர் 1961 ஆகஸ்ட் 4 அன்று ஹொனலூலுவில் பிறந்தார். ஹவாயி அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மாநிலமாகிவிட்டது. அந்த மாதமே உள்ளூர் நாளிதழ்கள் இரண்டில் பிறப்பு அறிவிப்பும் வந்திருக்கிறது. 2008 ஜூனில் மாநில அரசு கொடுத்த சுருக்கச் சான்றிதழை வெளியிட்டார், போதவில்லை என்றார்கள். 2011 ஏப்ரல் 27 அன்று மருத்துவரின் கையொப்பத்துடன் கூடிய முழுப் படிவத்தையும் வெளியிட்டார். அது போலி என்றார்கள். இந்தக் கூச்சலுக்குப் பெரிய மேளம் அடித்த டிரம்ப், 2016 செப்டம்பரில், ஒபாமா அமெரிக்காவில் பிறந்தவர்தான் என்று ஒற்றை வாக்கியத்தில் சொல்லி முடித்துக்கொண்டார்.

ஒபாமாவின் தாய் அமெரிக்கர்தானே, கென்யாவில் பிறந்திருந்தாலும் குரூஸைப் போலத் தகுதி பெற்றிருப்பாரே என்று ஒருவர் கேட்கிறார். இல்லை என்பதுதான் இதிலுள்ள நுட்பம். அன்றைய சட்டப்படி, வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு ஒரு பெற்றோர் மட்டும் குடிமகனாக இருந்தால், அவர் அமெரிக்காவில் 10 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். அவற்றுள் 5 ஆண்டுகள் 14 வயதுக்குப் பிந்தையவையாக இருக்க வேண்டும். ஒபாமாவின் தாய்க்கு அப்போது 18 வயது. கணக்குப் போட்டுப் பாருங்கள், கிடைக்காது. புரளி கிளப்பியவர்களில் சிலர் சட்டம் தெரிந்தவர்கள். அவர்களுக்குப் பிறந்த இடம் கென்யாவாக இருந்தே தீர வேண்டியிருந்தது.

சான்றிதழ் என்றதும் என் கதை நினைவுக்கு வருகிறது. நிரந்தரவாச உரிமை தரும் பச்சை அட்டைக்கு மனுப்போட்ட காலத்தில் என் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். ஊரில் அண்ணன் போய் வாங்கி அனுப்பினார். அதில் தந்தை பெயர், தாய் பெயர், தேதி, "ஆண்" என்ற சொல், எல்லாம் இருந்தன; என் பெயர் மட்டும் இல்லை. பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிட்டார்கள், பிறகு போய்ச் சேர்க்க வேண்டும் என்பது வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த அலுவலகத்தில் 30 ஆண்டு கழித்துப் பெயர் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில், இன்னாருக்கு இன்ன நாளில் பிறந்த பிள்ளை இவன்தான் என்று பெரியப்பாவும் அத்தையும் முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்கள். அத்தை கைநாட்டு வைத்தார். பெருவிரல் மை பரவி எழுத்துகள் இரண்டை மறைத்திருந்த அந்தத் தாளை அமெரிக்க அதிகாரி மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். ஒபாமாவின் முழுப் படிவத்தைத் தொலைக்காட்சியில் பெரிதாக்கிக் காட்டி எழுத்துருவை அலசிக்கொண்டிருந்தபோது, எனக்கு அத்தையின் பெருவிரல்தான் கண்முன் வந்தது.

4 பிப்ரவரி 2024

இது ஒபாமாவோடு தொடங்கியதல்ல என்று நேற்றே சேர்த்திருக்க வேண்டும். 1881-இல் அதிபரான செஸ்டர் ஆர்தர் உண்மையில் கனடாவில் பிறந்தவர் என்று ஹின்மன் என்ற நியூயார்க் வழக்கறிஞர் ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதினார், மெய்ப்பிக்க முடியவில்லை. ஆர்தர் வெர்மான்ட் மாநிலத்தில் 1829-இல் பிறந்தவர். அவரோ 1830 என்று சொல்லி வந்தார். வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் கனடா எல்லையையே தோண்டிக்கொண்டிருக்க, அவருடைய ஐரிஷ் தந்தை குடியுரிமை வாங்கியது 1843-இல்தான் என்பதை எவரும் பெரிதுபடுத்தவில்லை. பெற்றோர் குடிமக்களாக இருந்தாக வேண்டும் என்ற இன்றைய வாதப்படி ஆர்தர் பதவியில் இருந்த மூன்றரை ஆண்டுகளும் செல்லாதவை. இறப்பதற்கு முன் தன் காகிதங்களை எல்லாம் எரிக்கச் சொல்லிவிட்டார்.

18 பிப்ரவரி 2024

ஒரு கண்டுபிடிப்பு. நான் குடியுரிமை பெற்று முதன்முதலாக வாக்களித்தது 2008 நவம்பரில். தேர்தலுக்கு முன் நியூ ஜெர்சியில் மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றை வீட்டுக்குத் தபாலில் அனுப்புவார்கள். முதல் வாக்கு என்பதால் அதை மடித்து வைத்திருந்தேன். நேற்று நிலவறைப் பெட்டியில் கிடைத்தது. மடிப்பு விழுந்த இடங்களில் தாள் பழுத்துக் கிழிந்திருக்கிறது. மெக்கெய்ன், ஒபாமா பெயர்களைத் தாண்டிச் சிறு கட்சிகளின் வரிசைக்குப் போனால், அங்கே சோஷலிசத் தொழிலாளர் கட்சியின் அதிபர் வேட்பாளராக ரோஜர் கலேரோ என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

கலேரோ நிகராகுவாவில் பிறந்தவர். பிறப்புவழிக் குடிமகன் என்ன, குடிமகனே அல்லர், பச்சை அட்டைக்காரர். அவரை ஏற்க மறுத்த மாநிலங்களில் அந்தக் கட்சி ஜேம்ஸ் ஹாரிஸ் என்பவர் பெயரை மாற்றாகக் கொடுத்தது. எங்கள் மாநிலம் மறுக்கவில்லை. ஒபாமாவின் சான்றிதழைப் பற்றி நாடே கத்திக்கொண்டிருந்த அந்த மாதத்தில், சந்தேகத்துக்கே இடமின்றித் தகுதியற்ற ஒருவரின் பெயர் என் வீட்டுத் தபால் பெட்டிக்கு வந்து, நான் அதைப் படித்தும் பார்க்காமல் மடித்து வைத்திருக்கிறேன். மெக்கெய்ன், ஒபாமா, கலேரோ மூவரையும் சேர்த்து எதிர்த்து எங்கள் மாநிலத்தவர் ஒருவர் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் விசாரிக்காமலே தள்ளியது.

ஜனவரி 11 குறிப்பில், "பார்க்க வேண்டும் என்ற கட்டாயமில்லை" என்று வழக்குகளைப் படித்து எழுதினேன். சான்று என் வீட்டு நிலவறையிலேயே இருந்திருக்கிறது.

5 மார்ச் 2024

டிரம்ப் தொடர்பான கொலராடோ வழக்கில் நேற்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று அம்மாநிலத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல்; தீர்ப்பு வந்தது அதற்கு முந்தைய நாள். பதினான்காம் திருத்தத்தின் மூன்றாம் கூறு, பதவிப் பிரமாணம் எடுத்த பின் கிளர்ச்சியில் ஈடுபட்டவர் மீண்டும் பதவி வகிப்பதைத் தடுக்கிறது; உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கு மாநிலத் தலைவர்களை மனத்தில் வைத்து எழுதியது. அந்தக் கூறைக் கூட்டாட்சிப் பதவிக்கான வேட்பாளர்மீது செயல்படுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு இல்லை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒப்புக்கொண்டார்கள். அது நாடாளுமன்றத்துக்கே உரியது என்று சொன்னவர்கள் ஐவர் மட்டுமே.

ஜனவரி 11 அன்று நான் கோர்சச்சின் பழைய தீர்ப்பைப் பார்த்து, மாநிலம் "பார்த்துவிட்டால் தடுக்கலாம்" என்று பொதுவாக எழுதினேன். அதைச் சுருக்கிக்கொள்கிறேன். வயதையும் பிறப்பையும் காட்டி மாநிலம் தடுக்கலாம் என்ற பழைய தீர்ப்புகள் நிற்கின்றன. கிளர்ச்சியைக் காட்டித் தடுக்க முடியாது. 27 வயதுப் பெண்ணை வாசலிலேயே நிறுத்தும் காவலாளிக்கு, 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தைக் கலவரக் கும்பல் முற்றுகையிட்டது பற்றிக் கேள்வி கேட்க அனுமதியில்லை. மாநிலத்துக்கு ஒரு தீர்ப்பு என்று நாடு துண்டுபட்டுவிடும் என்ற நீதிபதிகளின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே துண்டுபட்ட நிலைதானே கலேரோவுக்கு நேர்ந்தது? அவருக்கு வாக்குகள் சொற்பம் என்பதால் எவருக்கும் அது உறுத்தவில்லை.

31 மே 2024

நேற்று நியூயார்க் நடுவர் குழு 34 குற்றச்சாட்டுகளிலும் டிரம்ப் குற்றவாளி என்றது. காலையிலிருந்து ஒரே கேள்வி: இனி நிற்கலாமா? நிற்கலாம். முதல் நாளே எழுதியபடி, குற்றப் பின்னணி பற்றி அரசியலமைப்பில் சொல் இல்லை. 1920-இல் யூஜின் டெப்ஸ் அட்லான்டா சிறையிலிருந்தபடியே நின்றார். "கைதி எண் 9653-ஐ அதிபராக்குங்கள்" என்று சட்டைப் பொத்தான் வில்லைகள் போட்டார்கள். 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வாங்கினார். தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்கத் தடை என்பது நமக்குப் பழகிய சட்டம். அதை அங்கே தேடினால் கிடைக்காது.

16 ஜூலை 2024

டிரம்ப் துணை அதிபர் வேட்பாளராக வான்ஸை அறிவித்துவிட்டார். அந்த இடத்துக்குப் பேசப்பட்ட மார்கோ ரூபியோ கழன்றுபோனதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். இந்த இழைக்கு உரியது ஒன்று. அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் தேர்வாளர்கள் என்ற பிரதிநிதிகள் உண்டு. ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள் அதிபர், துணை அதிபர் இரண்டு வாக்குகளையும் தம் சொந்த மாநிலத்தவருக்கே போடக்கூடாது. டிரம்ப், ரூபியோ இருவருமே ஃபுளோரிடாவாசிகள். அம்மாநிலத்துக்குத் தேர்வாளர்கள் 30 பேர்.

2000-இல் இதே சிக்கல் வந்தது. அதிபர் வேட்பாளர் புஷ் டெக்சாஸ் ஆளுநர். அவருடைய துணை அதிபர் வேட்பாளர் டிக் செனி அதே மாநிலத்தின் டாலஸில் வீடு வைத்திருந்தவர். அறிவிப்புக்குச் சில நாள்களுக்கு முன் செனி வையோமிங் மாநிலத்துக்குப் போய்த் தன் வாக்காளர் பதிவை மாற்றிக்கொண்டு வந்தார். எதிர்த்துப் போட்ட வழக்கு நிற்கவில்லை. அந்த ஆண்டு புஷ்ஷுக்குக் கிடைத்தவை 271 தேர்வாளர் வாக்குகள். டெக்சாஸின் 32 கழிந்திருந்தால் செனிக்கு 239, தேவை 270. ஒரு வாக்காளர் அட்டைப் பயணம் எவ்வளவு பெறுமானமுள்ளது என்று பாருங்கள்.

24 ஜூலை 2024

பைடன் விலகி, கமலா ஹாரிஸ் களத்தில். துளசேந்திரபுரத்தில் மறுபடியும் பதாகை கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று மன்னார்குடி உறவினர் படம் அனுப்பினார். ஹாரிஸின் தாய்வழித் தாத்தா கோபாலனின் பூர்வீக ஊர் அது. கூடவே பழைய வாதமும் புது உடையில் வந்திருக்கிறது. ஹாரிஸ் 1964-இல் ஓக்லாந்தில் பிறந்தபோது தாய் இந்தியர், தந்தை ஜமைக்கர், இருவரும் குடிமக்கள் அல்லர் என்று. 2020 ஆகஸ்டில் ஒரு வார இதழில் இந்தக் கேள்வியை எழுப்பிக் கட்டுரை எழுதியவர் ஜான் ஈஸ்ட்மன் என்ற சட்டப் பேராசிரியர்; கட்டுரை இனவெறிக்குப் பயன்பட்டதற்காக இதழ் பிறகு மன்னிப்புக் கேட்டது. சில மாதங்களில் அதே ஈஸ்ட்மன்தான், தேர்வாளர் வாக்குகளை எண்ணாமல் விடத் துணை அதிபருக்கு அதிகாரம் உண்டென்று டிரம்புக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தார்.

துணை அதிபர் பதவிக்கு இந்த விதி பொருந்துமா என்று கேட்டவருக்கு: பொருந்தும். அதிபராகத் தகுதியற்றவர் துணை அதிபராகவும் முடியாது என்று 1804-இன் பன்னிரண்டாம் திருத்தம் சொல்கிறது. அமைச்சர்களுக்குப் பொருந்தாது. ஜெர்மனியில் பிறந்த கிசிஞ்சரும் பிராகில் பிறந்த மேடலின் ஆல்பிரைட்டும் வெளியுறவுச் செயலர்களாக இருந்தார்கள். அதிபர் பதவி காலியானால் அடுத்து யார் என்ற வாரிசு வரிசையில் அவர்கள் முறை வந்திருந்தால் பெயரைத் தாண்டிக்கொண்டு அடுத்தவருக்குப் போயிருப்பார்கள். ஆஸ்திரியாவில் பிறந்த ஷ்வார்ஸ்னெக்கர் கலிஃபோர்னிய ஆளுநரான 2003-இல், 20 ஆண்டுகள் குடிமகனாக இருந்தவர் அதிபராகலாம் என்று திருத்தம் கொண்டுவர மேலவை உறுப்பினர் ஆரின் ஹாட்ச் முயன்றார். திருத்தம் நிறைவேற இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு, பிறகு 38 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். அது குழுவைத் தாண்டியே வரவில்லை. என்னைப் போல மனுப்போட்டுக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அந்த உடற்பயிற்சி வீரர்தான்.

12 நவம்பர் 2024

ஜூலை 16 குறிப்புக்கு ஒரு பின்குறிப்பு. டிரம்புக்கு 312 தேர்வாளர் வாக்குகள். ரூபியோவை நிறுத்தி, ஃபுளோரிடாவின் 30-ஐ இழந்திருந்தாலும் அவருக்கு 282 கிடைத்திருக்கும். ஜூலையில் நான் பெரிதாகப் பூச்சாண்டி காட்டியது வீண். செனியின் கணக்கு வேறு, இது வேறு.

24 ஜனவரி 2025

இந்த இழையை முடித்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன். 20-ஆம் தேதி, பதவியேற்ற அன்றே, டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தாய் சட்டப்படி ஆனால் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனோ நிரந்தரவாசியோ அல்லாதபோது, இனி இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்கிறது அது. ஆவணமின்றி இருப்பவர்களின் குழந்தைகளுக்கும் அதே. நேற்று சியாட்டில் நகரத்தில், ரேகன் நியமித்த நீதிபதி கஃப்னவர், அப்பட்டமாக அரசியலமைப்புக்கு முரணானது என்று சொல்லி இடைக்காலத் தடை விதித்தார்.

ஆணையைப் படித்தேன். வேலை விசாவில் தந்தை, துணைவி விசாவில் தாய். 1999 மார்ச்சில் நாங்கள் இருந்த நிலை அச்சடித்தாற்போல அதில் இருக்கிறது. முன்தேதியிட்டுச் செல்லாது, 30 நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கே என்பதால் மகளுக்கு ஒன்றும் ஆகாது. முதல் குறிப்பில் ஹேலியைப் பற்றி "ஐயத்துக்கு இடமே இல்லை" என்று எழுதியபோது, வோங் கிம் ஆர்க் தீர்ப்பில் அவருடைய பெற்றோர் அங்கே நிலையாகக் குடியிருந்தவர்கள் என்ற விவரத்தை நான் சொல்லவில்லை. முக்கியமில்லை என்று நினைத்தேன். ஆணையை ஆதரிப்பவர்கள் பிடித்துத் தொங்குவது அந்தச் சொல்லைத்தான். விசாவில் இருந்த நாங்கள் நிலையாகக் குடியிருந்தோமா? வாடகை வீடு, வட்டிக்கு வாங்கிய கார், இரண்டு ஆண்டில் திரும்பிவிடுவோம் என்று அம்மாவிடம் சொன்ன பொய். அப்போது கேட்டிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. பதினான்காம் திருத்தத்தின் சொற்களில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை என்பதால் ஆணை நிற்காது என்றே நினைக்கிறேன்; ஆனால் "இடமே இல்லை" என்பதை "இடமில்லை" என்று குறைத்துக்கொள்கிறேன்.

25 ஜனவரி 2025

மகள் இழை முழுவதையும் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தாள். 2032-இல் அவள் நிற்கலாம் என்று நான் எழுதியது பிழையாம். பதவியேற்கும் நாளில் 35 நிறைந்திருக்க வேண்டும். 2033 ஜனவரி 20 அன்று அவளுக்கு 33. ஆகவே 2036. ஓராண்டாக மற்றவர்களின் தகுதியை அலசியவருக்குச் சொந்த மகளின் வயது தெரியவில்லையே என்று சிரித்தாள். திருத்திக்கொள்கிறேன்.